வயா கொழும்பு: தூத்துக்குடியிலிருந்து துறைமுகம் துறைமுகமாக

2025 செப்டம்பர் 6, சனி. மதுரை – கொழும்பு

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஷிப்பிங் பில், பி.எல். டிராஃப்ட், கப்பல் கம்பெனி மெயில் என்று எதைப் புரட்டினாலும் ‘வயா கொழும்பு’ என்ற இரண்டு வார்த்தை எங்காவது கிடக்கும். எங்கள் ஊரிலிருந்து ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகிற கண்டெய்னர் பெட்டி பெரும்பாலும் சின்ன பீடர் கப்பலில் ஒரே ராத்திரியில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் பெட்டியை அப்படி அனுப்பியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால் நான் கொழும்பைப் பார்த்ததில்லை.

கடலில் ஒரு ராத்திரி தூரம்தான். ஆனாலும் மனுஷன் போக வேண்டுமென்றால் மதுரைக்கு பஸ், அப்புறம் விமானம். 1914-க்கு முன்னால் சென்னையிலிருந்து வந்த போட் மெயில் தூத்துக்குடியில்தான் முடியும், அங்கிருந்து நேரே கொழும்புக்கு ஸ்டீமர். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, அடுத்த வருஷம் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து ஓட்டியதும் இதே வழியில்தான். நேற்று அவர் பிறந்த நாள். மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நானா வந்து நின்றார் (நானா என்றால் அண்ணன், அப்படித்தான் அவரைக் கூப்பிடுவேன்). கொழும்பில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் இருப்பவர். பதினான்கு வருஷமாகத் தினமும் மெயிலிலும் போனிலும் பேசுகிறோம், முகம் பார்ப்பது இன்றைக்குத்தான். “தம்பி, குரலுக்கும் ஆளுக்கும் பொருத்தமே இல்லையே” என்று கையைப் பிடித்துக்கொண்டவர் ரொம்ப நேரம் விடவில்லை. நான் கொண்டுபோன மக்ரூன் டப்பாவைக் காரிலேயே திறந்து, ஒன்றை வாயில் போட்டுவிட்டு, மீதியை வீட்டுக்கு என்று மூடி வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 7, ஞாயிறு. கொழும்பு

இன்று போயா, பௌர்ணமி விடுமுறை. ஊரே அமைதி. காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போனேன். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்று குண்டு வெடித்த கோவில். உள்ளே சிங்களமும் தமிழும் கலந்து ஜெபம் கேட்கிறது. புடவை கட்டிய அம்மாக்கள், வெள்ளைச் சட்டைப் பெரியவர்கள், நெற்றியில் விபூதியோடு இரண்டு பேர். வெளியே வந்து நிமிர்ந்தால் வீட்டுக் கூரைகளுக்கு மேலே துறைமுகத்தின் கிரேன்கள். தெருவுக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். எங்கள் ஊரில் புதுத் துறைமுகம் ஊரைவிட்டு விலகி இருக்கிறது. இங்கே ஊருக்குள்ளேயே கப்பல்.

செட்டியார் தெருவில் ஒரு சின்ன சைவக் கடையில் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். 380 ரூபாய். நம்ம காசுக்கு நூற்றுப் பத்து ரூபாய் சொச்சம். சொதி தீரத் தீரக் கேட்காமலே ஊற்றினார்கள். தண்ணீர் பாட்டில் மட்டும் சுள்ளென்று விலை.

ராத்திரி சந்திர கிரகணம். காலிமுகத்திடலில் திருவிழாக் கூட்டம், குழந்தைகள் தோளில், பட்டம் ஒரு பக்கம், இறால் வடை வண்டி ஒரு பக்கம் (ஒன்று 200 ரூபாய், கார வெங்காயத்தோடு, விலை பரவாயில்லை). பதினொரு மணிக்கு முழுசாக மறையும் என்றார்கள், ஆனால் மேகம் விடவில்லை. நடுவில் ஒரு பத்து நிமிஷம் திரை விலகியபோது செம்புத் தட்டு மாதிரி நிலா. எல்லோரும் அண்ணாந்து பார்க்க, என் கண் மட்டும் கீழே போனது. இருட்டுக் கடலில் வரிசையாக வெளிச்சப் புள்ளிகள், நங்கூரம் போட்டு முறைக்குக் காத்திருக்கிற கப்பல்கள். அவற்றில் ஒன்றில் எங்கள் பெட்டி இருக்கும். போன வாரம் ‘பெர்த் கிடைக்கவில்லை’, அதாவது கப்பலைக் கட்ட மேடை காலியில்லை என்று எனக்கு மெயில் வந்தது. அந்த ஒரு வரி எப்படியிருக்கும் என்று இன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

செப்டம்பர் 8, திங்கள். கொழும்பு துறைமுகம்

இதை எழுதத்தான் முழுப் பதிவும். ஒரு நாள் பாஸ், தலைக்கு ஹெல்மெட், ஆரஞ்சு சட்டை. உள்ளே படம் எடுக்கக் கூடாது, அதனால் படம் இல்லை, மன்னிக்கவும். காலையில் தூறல், பத்து மணிக்கு மேல் வெயில், தார் ரோட்டிலிருந்து ஆவி கிளம்பியது.

கொழும்பு துறைமுகம் என்றால் ஒரே இடம், ஒரே நிர்வாகம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மேலே இருப்பது ஒரே சபைதான், இலங்கை துறைமுக அதிகார சபை. தனித்தனியாக இருந்த துறைமுக ஆணையம், சரக்குக் கூட்டுத்தாபனம், எண்ணிக்கை பார்ப்பதற்கும் காவலுக்கும் இருந்த கூட்டுத்தாபனம் மூன்றையும் இணைத்து 1979-ல் உண்டாக்கியது. ஆனால் தரையில் நிலவரம் வேறு. ஜெயா முனையத்தை அதிகார சபையே நடத்துகிறது. பக்கத்தில் 1999-லிருந்து ஒரு தனியார் கூட்டு நடத்துகிற முனையம். அலைதடுப்பைத் தாண்டி, 2012-ல் கட்டி முடித்த புது அலைதடுப்புக்குள்ளே, சைனா மெர்ச்சன்ட்ஸ் 85 சதமும் அதிகார சபை 15 சதமும் வைத்திருக்கிற முனையம், 2013-லிருந்து. அதற்கும் பழைய அலைதடுப்புக்கும் இடையில் கிழக்கு முனையம், அது அதிகார சபையுடையது. இன்னொரு பக்கம் மேற்கு முனையம். அதானி 51, ஜோன் கீல்ஸ் 34, மீதி 15 அதிகார சபைக்கு. தானியங்கி வசதியோடு கட்டி, இந்த ஏப்ரலில்தான் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள்.

அதிகார சபை நிலத்துக்குச் சொந்தக்காரர், கூட்டாளி, அதே நேரத்தில் போட்டிக்கடைக்காரரும். தனியார் முனையங்களின் ஒப்பந்தம் முடிந்ததும் எல்லாம் சபைக்கே திரும்பிவிடும். சீன முனையத்துக்கும் மேற்கு முனையத்துக்கும் 35 வருஷம்.

சரி, இதெல்லாம் எனக்கு எதற்கு? போன வருஷம் ஒரு திருப்பூர் பார்ட்டியின் பெட்டி. செங்கடலில் தாக்குதல் நடந்ததால் பெரிய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்து, கொழும்பில் நெரிசல் கட்டியிருந்த நேரம். பீடர் இங்கே வந்துவிட்டது, பெட்டியும் இறங்கிவிட்டது, ஆனால் பெரிய கப்பல் நம் பெட்டி இல்லாமலே போய்விட்டது. அடுத்த கப்பல் பதினோரு நாள் கழித்து. பார்ட்டி போனில், “கொழும்புல என் பெட்டி தூங்குதா, இல்ல நீங்க தூங்குறீங்களா?” என்று கேட்டார். பாதிச் சரக்கைத் திரும்பத் தைத்து விமானத்தில் அனுப்பினார்கள். ஏன் தவறியது என்று அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

நானா என்னை ஒரு சந்திப்பில் கொண்டுபோய் நிறுத்தினார். இடது பக்கம் ஒரு முனையத்து கேட், வலது பக்கம் அடுத்த முனையத்துக்குப் போகிற ரோடு, நடுவில் டிரெய்லர் வரிசை, இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று நகர்கிறது. “இதுதான் தம்பி ஒங்கட பெட்டி தூங்கின இடம்” என்றார். பீடர் ஒரு முனையத்தில் இறக்கும். பெரிய கப்பல் இன்னொரு முனையத்தில் நிற்கும். நடுவில் இந்த ரோடு. இந்தப் பக்கம் யார்டில் பெட்டிக்கு மேல் பெட்டி அடுக்கியிருந்தால் நம் பெட்டியைத் தோண்டி எடுக்க வேண்டும், டிரெய்லர் கிடைக்க வேண்டும், அந்தப் பக்கம் கப்பலுக்குப் பெட்டி வாங்குகிற கட்-ஆஃப் நேரம் முடிவதற்குள் கேட் தாண்ட வேண்டும். கப்பல்காரன் கடைசி நேரத்தில் முனையத்தை மாற்றினால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து. பெரிய கப்பல் ஒரு பெட்டிக்காக நிற்காது. போன வருஷம் மட்டும் இந்தத் துறைமுகத்தில் 77 லட்சம் பெட்டிக்கு மேல், இருபதடிக் கணக்கில். அதில் பெரும்பகுதி கப்பல் மாறுவதற்காக வந்தது, அதிலும் அதிகம் இந்தியச் சரக்கு.

அங்கே நின்றபோதுதான் அதைப் பார்த்தேன். வரிசையில் நின்ற ஒரு டிரெய்லரின் பின்கதவு எங்களுக்கு நேரே இருந்தது. நாற்பதடிப் பெட்டி, பழுப்புச் சிவப்பு பெயின்ட், கீழ்க் கீலில் துரு. கதவுக் கம்பியில் போல்ட் சீல். வலது கதவில் ஆள் உயரத்தில், சாக்பீஸால் ஒரு ‘உ’. பிள்ளையார் சுழி. அதன் கீழே ‘24 வரிசை, முடிந்தது’ என்று தமிழில். மழை பட்டு ‘முடிந்தது’வின் வால் கரைந்து கோடாக இறங்கியிருந்தது, ‘உ’ மட்டும் அப்படியே நின்றது.

எங்கள் ஊர் சி.எஃப்.எஸ்.ஸில், அதாவது சரக்கைப் பெட்டியில் அடைக்கிற கிடங்கில், லோடுமேன்கள் கதவு சாத்தியதும் அப்படித்தான் எழுதுவார்கள். தினமும் பார்க்கிறேன், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. நானா பெட்டி நம்பரைப் போனில் தட்டிப் பார்த்தார். தூத்துக்குடிதான். மூன்று நாளுக்கு முன்னால் ஏற்றியது, எங்கள் ஆபீஸ் பெட்டி இல்லை, வேறு ஏஜென்ட்டுடையது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நானா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். டிரெய்லர் வலது பக்கம் திரும்பிப் போகும்வரை நின்றோம்.

மத்தியானம் தொழிலாளர் கேன்டீனில் சோறும் மீனும், 350 ரூபாய். ஜெயா முனையத்துக் கிரேன் ஆப்பரேட்டர் ஒருவர் கிழக்கு முனையப் போராட்டத்தைப் பற்றிப் பேசினார். 2019-ல் இந்தியா, ஜப்பானோடு சேர்ந்து நடத்துவதென்று ஒப்பந்தம். தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன, 2021 பிப்ரவரியில் அரசு பின்வாங்கியது, சபையே நடத்தும் என்றது. நான் இந்தியன் என்று தெரிந்தும் அவர் குரலில் கோபமில்லை. “உங்களோட கோபம் இல்ல அண்ணை, ஒரு மேடையாவது எங்கட கையில இருக்க வேணும்” என்றார். அவர் சொன்னது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு முனையமாவது நாட்டின் கையில் இருந்தால்தான் மற்றவர்கள் வாங்குகிற கட்டணம் நியாயமா என்று அளந்து பார்க்க ஒரு கோல் இருக்கும். எங்கள் ஊரில் பெட்டி வேலை அநேகமாக முழுசும் தனியார் முனையங்களில்தான். வேகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கட்டணம் ஏறினால் போய் முறையிட இன்னொரு கதவு இல்லை.

ராத்திரி நானா வீட்டில் சாப்பாடு. வட்டிலப்பம் இரண்டு துண்டு, மூன்றாவது அவர் மனைவி கேட்காமல் வைத்தது.

செப்டம்பர் 9, செவ்வாய். கொழும்பு – காலி

காலையில் தேசிய அருங்காட்சியகம். ஒரு கல்லுக்காக மட்டும் போனேன். 1409-ஆம் வருஷத் தேதி போட்டு, சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நிறுத்திய மும்மொழிக் கல்வெட்டு. சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெனாவரை நாயனார் என்ற சாமிக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்குக் காணிக்கைப் பட்டியல். மூன்று பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு: ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, எண்ணெய். 1911-ல் காலியில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். எழுத்து தேய்ந்துவிட்டது, கண்ணை இடுக்கிப் பார்த்தால் சில தமிழ் எழுத்துகள் தெரிகின்றன. அறுநூறு வருஷத்துக்கு முன்னால் சீனாவிலிருந்து கப்பலில் வந்தவனுக்கு இந்தக் கரையில் தமிழில் எழுத வேண்டியிருந்திருக்கிறது. வியாபாரம் அந்த மொழியில் நடந்திருக்கிறது. நேற்று சீன முனையத்து கேட்டில் தமிழைத் தேடினேன். டிரைவர்களின் வாயில் இருந்தது.

மத்தியானம் ரயில், கடலை ஒட்டியே போகிறது, அலை தெறித்து ஜன்னலுக்குள் வருகிறது, பை நனைந்தது. காலிக் கோட்டையின் பழைய வாசலில் உள்பக்கம் திரும்பிப் பார்த்தால் இரண்டு சிங்கம் பிடித்த கேடயத்தில் வி.ஓ.சி. என்று செதுக்கி, 1669 என்று வருஷம் போட்டிருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. எங்கள் துறைமுகத்துக்கும் அதே மூன்று எழுத்துதான் பெயர். தூத்துக்குடியையும் 1658-லிருந்து இந்தக் கம்பெனிதான் ஆண்டது, முத்துக்குளிப்பில் கொழித்தது. பிற்பாடு வந்த வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் விட்டவருக்கு அதே எழுத்து அமைந்ததை நினைத்துக்கொண்டே வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். பின்னால் வந்த சுற்றுலாக்காரர்கள் வழி விடச் சொன்னார்கள்.

ஒரு காலத்தில் காலிதான் இந்தத் தீவின் பெரிய துறைமுகம். ஆனால் வாசலில் பாறை, பருவக்காற்றில் பாதுகாப்பு இல்லை. 1875-ல் கொழும்பில் அலைதடுப்புக்குக் கல் நட்டு, பத்து வருஷத்தில் கட்டி முடித்ததும் கப்பல்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. இன்றைக்கு மதிலில் இருந்து பார்த்தால் சில படகுகள், ஒரு சிறிய கப்பல். கோட்டைக்குள் ஒரு டீ 800 ரூபாய். வெளியே பஸ் நிலையத்துக்கு வந்து 80 ரூபாய்க்குக் குடித்தேன், அது இன்னும் நன்றாக இருந்தது.

செப்டம்பர் 10, புதன். ஹம்பாந்தோட்டை

வறண்ட காற்று, முகத்தில் உப்பு. இறங்கியதும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது, ஏனென்றால் இங்கேயும் உப்பளம். போன வருஷக் கடைசி மழையில் விளைச்சல் போய், இந்த வருஷம் இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்தார்கள். சுற்றிக் கடல் இருக்கிற நாட்டில்.

துறைமுகத்தைக் கரைக்கு உள்ளே தோண்டிக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே விடவில்லை, கேட்பதற்கு எனக்கு ஆளும் இல்லை. முச்சக்கர வண்டி ஓட்டிய மலாய்க்காரப் பெரியவர் கொஞ்சம் தமிழும் கொஞ்சம் கையசைவுமாகப் பேசி, ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போனார். தூரத்தில் கிரேன்கள், அப்புறம் வெயிலில் மின்னுகிற கார்கள். கப்பலில் வந்து இறங்கி, வேறு கப்பலுக்கு ஏறிப் போகிற கார்கள்.

இந்தத் துறைமுகத்தைப் பற்றி எங்கள் ஆபீஸில் எல்லோரும் சொல்வது, ‘கடன் கட்ட முடியாமல் சீனாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்’ என்பது. விஷயம் அவ்வளவு நேர்கோடு இல்லை. முதல் கட்டத்துக்கு சீன எக்சிம் வங்கியில் 30.7 கோடி டாலர் கடன், 6.3 சதவீத வட்டி. 2010 நவம்பரில் திறந்தார்கள். வாய்க்காலில் பாறை, அதை வெடி வைத்து எடுக்க வேண்டியிருந்தது, கப்பலும் எதிர்பார்த்த அளவு வரவில்லை. 2017-ல் சைனா மெர்ச்சன்ட்ஸுக்கு 112 கோடி டாலருக்கு 99 வருஷக் குத்தகை. அந்தப் பணம் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. துறைமுகக் கடன் ரத்தாகவில்லை, அரசுதான் இன்னும் கட்ட வேண்டும். கப்பல் பாதை பத்துக் கடல் மைல் தூரத்தில் போகிறது என்பதற்காகக் கப்பல் திரும்பி உள்ளே வந்துவிடாது. திருப்புவதற்குச் சரக்கும் வேண்டும், கப்பல் கம்பெனியின் கையெழுத்தும் வேண்டும். அதைக் கொண்டுவரும் ஆள் வந்த பிறகுதான் இந்தக் கார்கள் இவ்வளவு பெருகியிருக்கின்றன.

பெரியவர் வண்டிக்கு 1,500 கேட்டு, கடைசியில் 1,200 போதும் என்றார். நான் பேரம் பேசவே இல்லை. வழியில் எருமைத் தயிர், கித்துல் பாணி (ஒரு வகைப் பனையின் பாகு) ஊற்றி. சாப்பிட்ட சட்டியைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 11, வியாழன். ஒலுவில் வழியாக மட்டக்களப்பு

உடம்பு ஒடிந்த நாள். வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று பஸ் மாறி மாறி. சியம்பலாண்டுவை தாண்டிக் காட்டுக்குள் பஸ் நின்றுவிட்டது, ஃபேன் பெல்ட். ஒன்றரை மணி நேரம். ஒரு சிங்கள அம்மா மரத்தடியில் பாய் விரித்து, தன் பேத்திக்கு வைத்திருந்த சோளக்கதிரில் ஒன்றை எனக்கு நீட்டினார். வாங்கத் தயங்கினேன், கையைப் பிடித்துத் திணித்துவிட்டார். கண்டக்டர் எல்லோருக்கும் அடுத்த பஸ்ஸில் இடம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் தான் ஏறினார்.

ஒலுவிலில் இறங்கினேன். அஷ்ரப் துறைமுக அமைச்சராக இருந்தபோது இந்தக் கிழக்குக் கரைக்கென்று ஆசைப்பட்ட துறைமுகம். டென்மார்க் கடனில் கட்டி, 2013 செப்டம்பரில் திறந்தார்கள். வியாபாரக் கப்பல் போக்குவரத்து நிலைக்கவே இல்லை. அலைதடுப்புச் சுவர் மணலின் ஓட்டத்தை மறித்ததால் ஒரு பக்கம் மணல் குவிந்து வாய் அடைபடுகிறது, மறுபக்கம் கரை அரித்துப் போகிறது. வேரோடு சாய்ந்த தென்னைகள் தண்ணீரில் கிடந்தன. வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு வாப்பா, “மண் உள்ளுக்கு வந்திட்டு, மகன். எங்கட காணி கடலுக்குப் போயிட்டு” என்றார். அவருடைய தோப்பு எங்கே இருந்தது என்று கேட்டேன். ஊசியால் கடலைக் காட்டினார், ஒரு தோணி மிதந்துகொண்டிருந்த இடத்தை.

அவர் வீட்டில் பிளேன் டீ, சர்க்கரை தனியாகக் கையில். அதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி. திருகோணமலை

கோணேசர் மலையில் நின்று பார்த்தால்தான் இயற்கைத் துறைமுகம் என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரிகிறது. யாரும் தோண்ட வேண்டாம், சுவர் கட்ட வேண்டாம். மலை கையை வளைத்துக் கடலை அணைத்துக்கொண்டிருக்கிறது, தண்ணீர் கரும்பச்சையாக ஆழம் காட்டுகிறது. இவ்வளவு இருந்தும் மாவு ஆலைக்குக் கோதுமை, சிமென்ட், எண்ணெய் தவிரப் பெரிய போக்குவரத்து இல்லை. இங்கே கண்டெய்னர் கப்பல் நிற்கும் மேடையே இல்லை. ஆழத்தைக் கேட்டு ஏங்குகிற எங்கள் ஊர்க்காரனுக்கு இதைப் பார்க்க நெஞ்சு பதறுகிறது.

சீனன்குடாப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தொட்டிகள், மொத்தம் 99. காட்டுக்குள் துருப்பிடித்த வயிறுகள் மாதிரி. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் தாக்கிய இடம். 2022-ல் பங்கு பிரித்தார்கள்: இந்தியன் ஆயிலின் இலங்கைக் கம்பெனியான லங்கா ஐஓசிக்கு 14, சிலோன் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, மீதி 61 இருவரும் சேர்ந்து.

செருப்பு வார் அறுந்தது. பஸ் நிலையத்துப் பக்கம் தைத்தவர், “இந்தியாவா? இருக்கட்டும் விடுங்க” என்று காசு வாங்க மறுத்துவிட்டார். தெருவில் புள்ளி மான்கள் குப்பைத் தொட்டி அருகே நிற்கின்றன, யாரும் விரட்டுவதில்லை.

செப்டம்பர் 13–14, சனி, ஞாயிறு. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை

யாழ்ப்பாணத்தில் தங்கிய வீட்டு அம்மா, “இருங்கோ, சாப்பிட்டிட்டுத்தான் கதை” என்று ஒடியல் கூழ் வைத்தார். காரத்தில் கண்ணீர் வந்தது, இரண்டாவது கிண்ணமும் கேட்டேன். வெக்கை தாங்கவில்லை, ராத்திரி கரன்ட் போய் விடியற்காலை வந்தது.

காங்கேசன்துறையில் மூடிப்போன சிமென்ட் ஆலை இன்னும் அப்படியே நிற்கிறது. துறைமுகத்தைச் சீரமைக்க இந்தியா 6.15 கோடி டாலர் மானியம் தருவதாகப் போன வருஷம் சொன்னது. இப்போதைக்கு நாகப்பட்டினம் படகுதான் இங்கே உயிர். 2023 அக்டோபரில் தொடங்கி, நடுவில் நின்று, மறுபடி ஓடுகிறது. அதில்தான் திரும்பினேன். கடல் கொஞ்சம் ஆட்டம், எனக்கு முன்வரிசையில் பாதிப்பேர் பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்துப் பாட்டி எலுமிச்சம்பழத்தை நறுக்கி வரிசை முழுக்கக் கொடுத்தார். மகளைப் பார்க்கத் திருச்சிக்குப் போகிறாராம். நாலு மணி நேரத்தில் நாகை.

விமானத்தில் போனபோது தூரம் தெரியவில்லை. இந்தப் படகில் தெரிந்தது.

செப்டம்பர் 17, புதன். தூத்துக்குடி

திங்கள், செவ்வாய் மெயில் மலையில் போனது. இன்று மத்தியானம் சி.எஃப்.எஸ்.ஸுக்குப் போனேன். எங்கள் பெட்டி ஒன்று, தென்னை நார்க்கழிவுக் கட்டி, ரோட்டர்டாம், வயா கொழும்பு. நானாவிடம் போனில் கேட்டுவிட்டேன்: பீடர் ஜெயா முனையத்துக்கு, பெரிய கப்பல் சீன முனையத்துக்கு, நடுவில் ஒன்றரை நாள் இருக்கிறது, போதும். பார்ட்டியிடமும் இந்த முறை அப்படியே எடுத்துச் சொன்னேன். இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, “இத ஏன் இத்தன வருஷமா யாரும் சொல்லல?” என்றார்.

கதவு சாத்தி சீல் போட்டதும் லோடுமேன் அண்ணாச்சி சாக்பீஸை எடுத்தார். கொழும்பில் இதே மாதிரி ஒன்றைப் பார்த்தேன், அந்த ‘உ’ அழியாமல் இருந்தது என்று சொன்னேன்.

“மழை பெஞ்சிருக்குமே?”

“பெஞ்சுது அண்ணாச்சி. கீழ எழுதுனது கரைஞ்சிட்டு. இது இருந்துச்சு.”

அவர் கொஞ்ச நேரம் கதவையே பார்த்தார். கையில் இருந்த துண்டுச் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு, பையிலிருந்து புதுசாக ஒன்றை எடுத்து, உள்ளங்கையால் தகரத்துத் தூசியைத் துடைத்துவிட்டு, அழுத்தி எழுத ஆரம்பித்தார்.